மேலே மாடி எடுக்கலாமா? டர்பன் வீடுகளுக்கான உயர விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். கோயில் அன்னதானத்திலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்கள் பலரும் கேட்பது ஒரே விஷயத்தைத்தான்: பையனுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, மேலே ஒரு மாடி எடுக்க முடியுமா? அந்தக் கேள்விகளையும் அதைச் சுற்றி வரும் மற்றவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சி எல்லைக்குள், அதாவது சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், இசிபிங்கோ பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. நாட்டுச் சட்டம் பற்றிய பகுதிகள் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

எங்கள் வீடு சாட்ஸ்வொர்த்தில் சின்ன மனை. எத்தனை மாடி கட்ட விடுவார்கள்?

தனி வீடுகளுக்கான மண்டலங்களில் பெரும்பாலும் இரண்டு தளம். அதாவது தரைத்தளமும் மேலே ஒரு மாடியும். இதைக் கேட்டதும் பலர் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பம். சின்ன மனையில் உங்களை நிறுத்துவது உயர வரம்பு அல்ல. அதற்கு முன்பே வேறு மூன்று வரம்புகள் குறுக்கே நிற்கும்.

முதலாவது கவரேஜ்: மேலிருந்து பார்த்தால் மனையில் எவ்வளவு பங்கைக் கட்டடம் மூடலாம் என்பது. இரண்டாவது தளப் பரப்பு விகிதம். எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனைப் பரப்பால் வகுத்தால் வரும் எண் இது, பிளான்காரர்கள் எஃப்.ஏ.ஆர் என்பார்கள். மூன்றாவது இடைவெளிகள்: தெருப்பக்கம் விட வேண்டிய பில்டிங் லைன், இரு பக்கமும் பின்னாலும் விட வேண்டிய இடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் மண்டலத்தின் எண்கள் வேறாக இருக்கும். மனை 200 சதுர மீட்டர். தளப் பரப்பு விகிதம் 0.6 என்றால் மொத்தம் 120 சதுர மீட்டர் கட்டலாம். இப்போதுள்ள வீடு 70, பின்னால் அப்பா காலத்தில் கட்டிய அவுட்பில்டிங் 35. ஆக 105 போய்விட்டது. மேலே கட்ட மிச்சம் 15 சதுர மீட்டர். மாடிப்படியும் ஒரு சின்ன அறையும் வந்தாலே தீர்ந்தது. இரண்டு தளம் என்ற அனுமதி காகிதத்தில் அப்படியே இருக்கும், அதைப் பயன்படுத்த இடம்தான் இருக்காது. அதனால் மாடி எடுக்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அவுட்பில்டிங்கை விட்டுக்கொடுக்கத் தயாரா என்பதுதான். பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. அங்கே வாடகைக்கு ஆள் இருப்பார்கள்.

இந்த விதிகளெல்லாம் எங்கே எழுதியிருக்கின்றன?

ஒரே இடத்தில் இல்லை. மாநகராட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டம் உங்கள் மனைக்கு ஒரு மண்டலத்தைக் கொடுக்கிறது. தள எண்ணிக்கை, கவரேஜ், இடைவெளிகள் எல்லாம் அதில் வரும். 2013-ஆம் ஆண்டின் 16-ஆம் எண் சட்டமான இடத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டு மேலாண்மைச் சட்டம், சுருக்கமாக ஸ்ப்ளூமா (SPLUMA), 2015 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லை முழுவதற்கும் ஒரே திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது அதுதான்.

கட்டடம் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பது தனி. அதற்கு 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் சட்டமான தேசியக் கட்டட ஒழுங்குமுறைச் சட்டமும், அதன் நடைமுறை விவரங்களைச் சொல்லும் சான்ஸ் 10400 தரநிலைகளும் இருக்கின்றன. அறை உயரம், படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், தீ பாதுகாப்பு எல்லாம் இங்கே.

மூன்றாவதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: டைட்டில் டீட். பழைய பத்திரங்களில் இந்த மனையில் ஒரே ஒரு வீடுதான் கட்டலாம், தெருவிலிருந்து இத்தனை அடி விட வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். திட்டம் அனுமதித்தாலும் பத்திரம் தடுத்தால், அந்த நிபந்தனையை முறைப்படி நீக்காமல் கட்ட முடியாது. பத்திரம் பேங்கில் அடமானத்தில் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். பத்திரப் பதிவகத்தில் நகல் கிடைக்கும்.

என் மண்டலம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாநகராட்சியின் திட்டமிடல் பிரிவில் மனை எண்ணைக் கொடுத்து மண்டலச் சான்றிதழ் கேளுங்கள். வீட்டு முகவரி அல்ல, ரேட்ஸ் பில்லில் (சொத்து வரி பில்) இருக்கும் எர்ஃப் எண். 'ஸ்பெஷல் ரெசிடென்ஷியல் 180' போல வரும். அந்த எண் அந்த மண்டலத்தில் ஒரு மனைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பரப்பு, சதுர மீட்டரில். உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீடு சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு தளம், பின்னாலிருந்து பார்த்தால் மூன்று. எதைக் கணக்கில் எடுப்பார்கள்?

டர்பனில் சமதளமான மனை கிடைப்பதே அபூர்வம். சாட்ஸ்வொர்த்தையே மேடும் பள்ளமுமான நிலத்தில்தான் 1960-களில் கட்டினார்கள். இன வாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழு வட்டாரச் சட்டத்தின் பேரில் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம் ஆட்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்தபோது, மனை சரிவாக இருக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை. அதன் விளைவை இப்போது பிளான் போடும்போது பார்க்கிறோம்.

ஒழுங்குமுறையில் தளம் என்பது ஒரு தரையின் மேல்மட்டத்திலிருந்து அடுத்த தரையின் மேல்மட்டம் வரை உள்ள பகுதி. மேலே தரை இல்லையென்றால் சீலிங் வரை. இதில் குழப்பம் இல்லை. தகராறு வருவது நிலத்துக்கு அடியில் பாதி புதைந்த தளத்தில்தான். முழுக்கப் புதைந்திருந்தால் அது பேஸ்மென்ட். பொதுவாக மாடிக் கணக்கில் வராது. ஒரு பக்கம் புதைந்து மறுபக்கம் கதவும் ஜன்னலுமாக வெளியே தெரிந்தால், எவ்வளவு உயரம் வெளியே தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அதிகாரி அதை ஒரு தளமாக எண்ணலாம். கார் நிறுத்தவும் சாமான் போடவும் என்று வரைந்தால் ஒரு விதம், அங்கேயே படுக்கையறையும் சமையலறையும் வரைந்தால் வேறு விதம். 'பேஸ்மென்ட்' என்று பிளானில் எழுதிவிட்டு அங்கே குடித்தனம் வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று: நில மட்டம் என்பது நீங்கள் மண் கொட்டி உயர்த்திய பிறகு உள்ள மட்டம் இல்லை. இயல்பான நில மட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் மண் வெட்டுவதற்கு முன்பே சர்வேயரைக் கொண்டு மட்டங்களை அளந்து வைத்துவிடுங்கள். வெட்டிய பிறகு 'முன்பு இப்படித்தான் இருந்தது' என்று வாயால் சொல்வதை யாரும் ஏற்க மாட்டார்கள்.

மெசனைன் போட்டால் தளமாக எண்ணுவார்களா? கூரைக்குள் அறை?

மெசனைன், அதாவது ஒரு தளத்துக்குள்ளேயே போடும் இடைத்தட்டு, தான் இருக்கும் தளத்தோடு சேர்ந்தது, தனித் தளம் அல்ல. ஒழுங்குமுறை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தளப் பரப்புக் கணக்கில் அது வரும். கூரைக்குள் ஜன்னல் வைத்து அறை ஆக்கினால் அது வசிக்கும் தளம்தான், பெயர் என்ன வைத்தாலும்.

கேப் டவுனில் இருக்கும் மைத்துனர் மீட்டர் கணக்குச் சொல்கிறார். நமக்கும் அப்படியா?

கேப் டவுன் வீடுகளுக்கு மீட்டரில் அளக்கிறது. சுவரின் தலைமட்டத்துக்கு ஒரு வரம்பு, கூரை உச்சிக்கு வேறு வரம்பு. டர்பனில் தளங்களை எண்ணுவதுதான் வழக்கம். அதற்காக ஒரு தளத்தை ஆறு மீட்டர் உயரத்துக்குக் கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால் அதை இரண்டு தளமாக எண்ணும் விதி பல திட்டங்களில் உண்டு. மைத்துனரின் பிளானை அப்படியே கொண்டுவராதீர்கள்.

எங்களுடையது செமி. ஒரு பாதி எங்களுக்கு, மறுபாதி வேறு குடும்பத்துக்கு. எங்கள் பாதியில் மட்டும் மாடி எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். நடுச்சுவர் இருவருக்கும் பொது. அதன் மேல் பாரம் ஏற்றினால், அது மறுபாதியையும் பாதிக்கும். அதனால் பொறியாளர் வரைபடமும், நடுச்சுவர் எப்படி மேலே போகும், தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகாமல் எப்படித் தடுப்பது என்ற விவரமும் கேட்பார்கள். பலர் நடுச்சுவரைத் தொடாமல், தங்கள் பக்கத்தில் தனித் தூண்கள் எழுப்பி மாடியைத் தாங்க வைக்கிறார்கள். செலவு கூடும். ஆனால் பக்கத்து அக்காவுடன் ஆயுள் முழுக்கப் பேசாமல் இருப்பதைவிட அது மலிவு.

பழைய அடித்தளம் மாடியைத் தாங்குமா?

தாங்கும் என்று நான் சொல்ல முடியாது, மேஸ்திரியும் சொல்லக் கூடாது. அந்த வீடுகளை ஒரு தளத்துக்கென்றுதான் கட்டினார்கள். தட்டிப் பார்த்து, 'சுவர் நல்லா கெட்டியா இருக்கு' என்று சொல்பவரை நம்பி கான்கிரீட் ஸ்லாப் போடாதீர்கள். பதிவு பெற்ற பொறியாளர் இரண்டு மூன்று இடத்தில் தோண்டி, அடித்தளத்தின் அகலமும் ஆழமும் மண்ணும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மண் பற்றி இங்கே தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். டர்பன் கரையோர மேடுகளில் இருக்கும் சிவப்பு மணல், பெரேயா மணல் என்பார்கள், காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். தண்ணீர் இறங்கினால் திடீரென்று இளகிவிடும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளம் மட்டுமல்ல, சரிவுகள் சரிந்ததும் வீடுகள் நொறுங்கியதும் அதில் சேர்த்தி. அந்த மழைக்குப் பிறகு சரிவில் கட்டுபவர்களிடம் நான் முதலில் கேட்பது மாடியைப் பற்றி அல்ல. கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத்தான். தாங்குசுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால், மேலே எத்தனை தளம் அனுமதித்திருந்தால் என்ன?

உள்ளே உயரம் எவ்வளவு வேண்டும்? செலவைக் குறைக்கத் தாழ்வாகக் கட்டலாமா?

வசிக்கும் அறைகளுக்குத் தரையிலிருந்து சீலிங் வரை 2.4 மீட்டர். நடை, குளியலறை, கழிப்பறைக்கு 2.1 போதும். படிக்கட்டில் ஒரு படியின் உயரம் 200 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கால் வைக்கும் அகலம் 250-க்குக் குறையக் கூடாது. தரைக்குத் தரை 2.8 மீட்டர் என்று வைத்தால் 14 ஏற்றம், 13 படி. படிக்கட்டின் நீளம் மட்டும் 3.25 மீட்டர். சின்ன வீட்டில் இது ஓர் அறையையே விழுங்கிவிடும். அதனால்தான் பலர் வெளியே படி வைக்கிறார்கள். வெளியே வைத்தால் பக்க இடைவெளியில் போய் இடிக்கும். பால்கனியிலோ படியிலோ ஒரு மீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தடுப்பு வேண்டும். குழந்தையின் தலை நுழையாதபடி, 100 மில்லிமீட்டர் பந்துகூடப் போகாத இடைவெளியில் கம்பிகள் இருக்க வேண்டும். குறுக்காகக் கம்பி வைத்து அழகு பார்க்கும் ஆசை இப்போது அதிகம். ஏணி மாதிரி பிள்ளைகள் ஏறும். எனக்கு அது பிடிக்காது.

பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டுமா?

நீங்கள் மண்டல விதிக்குள்ளேயே கட்டினால் பொதுவாக வேண்டியதில்லை. 2008-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கேப் டவுன் வழக்கு ஒன்றில் இதைத் தெளிவாக்கியது. பக்கத்து மனையில் நான்கு தளக் குடியிருப்பு வருவதற்கு முன் தன்னைக் கேட்கவில்லை என்று ஒருவர் வழக்குப் போட்டார். விதிக்குள் வரும் பிளானை அனுமதிக்கும் முன் அண்டை வீட்டாரை விசாரிக்க வேண்டிய கடமை இல்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஆனாலும் அந்த அனுமதி ரத்தானது. ஏனென்றால் முடிவெடுத்த அதிகாரி முன் போதிய தகவலே வைக்கப்படவில்லை. கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பரிந்துரை வெறும் ரப்பர் ஸ்டாம்பாக இருந்தால் பிளானே ஆட்டம் காணும் என்பது அதில் கட்டுபவர்களுக்கு இருக்கும் பாடம்.

விதிக்கு வெளியே ஏதாவது கேட்டால் கதை வேறு. பக்க இடைவெளியில் தளர்வு, சிறப்பு அனுமதி, மண்டல மாற்றம் எதுவானாலும் அண்டை வீட்டாருக்கு முறைப்படி அறிவிப்பு போக வேண்டும், அவர்கள் ஆட்சேபிக்கலாம். கையெழுத்துக்காகப் போகும்போது வரைபடத்தோடு போங்கள். 'சின்ன வேலைதான் அண்ணா' என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது நம் ஊரில் நடக்கிற காரியம். பிறகு அதுவே வழக்கில் உங்களுக்கு எதிராக நிற்கும்.

பக்கத்தில் மாடி எழும்பி எங்கள் கடல் காட்சியை மறைக்கப் போகிறது. தடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. தென்னாப்பிரிக்கப் பொதுச் சட்டத்தில் காட்சிக்கு உரிமை கிடையாது. பத்திரத்தில் அதற்கென்று சர்விட்யூட் (அடுத்தவர் மனைமீது உங்களுக்குள்ள பதிவு செய்த உரிமை) பதிவாகியிருந்தால் தவிர, முப்பது வருஷமாகக் கடலைப் பார்த்தபடி டீ குடித்தோம் என்பது உரிமையாகாது.

ஆனால் கட்டடச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. கட்டடம் அந்தப் பகுதியை அலங்கோலமாக்கும், பார்க்க விகாரமாக இருக்கும், அல்லது அக்கம்பக்கத்துச் சொத்தின் மதிப்பைக் குறைக்கும் என்றால் அனுமதி மறுக்கப்பட வேண்டும். வழக்குகள் பலவும் இந்த மதிப்புக் குறைவைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. 2010-இல் கேம்ப்ஸ் பே வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் இதற்கு எல்லை போட்டது. வாங்குபவர், பக்கத்து மனையில் மண்டல விதிப்படி ஒரு கட்டடம் வரலாம் என்பதை முன்பே கணக்கில் எடுத்துத்தான் விலை கொடுக்கிறார். அதனால் விதிக்குள் வரும் கட்டடம் காட்சியை மறைத்து விலை குறைந்தால், அதை மதிப்புக் குறைவாக எண்ண முடியாது. யாரும் எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது துருத்திக்கொண்டும் விகாரமாகவும் இருந்தால் மட்டுமே இந்தப் பிரிவு கைகொடுக்கும்.

ஆக, காட்சியைப் பற்றிப் புலம்புவதைவிட, அவர்களுடைய பிளான் உண்மையிலேயே விதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். தளக் கணக்கில் புதைந்த தளத்தை மறைத்திருக்கிறார்களா? பக்க இடைவெளி சரியா? அங்கே பிழை இருந்தால் வழக்குக்கு வலு உண்டு. நேரத்தையும் பாருங்கள். நிர்வாக முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக, தேவையில்லாத தாமதம் இன்றி, அதிகபட்சம் 180 நாளுக்குள் போக வேண்டும். சுவர் தலைக்கு மேலே போன பிறகு வக்கீலைத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

உம்லாங்காவில் முப்பது மாடி அளவுக்கு எழுப்புகிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இரண்டு?

கோபம் புரிகிறது. அந்த மனைகளின் மண்டலம் வேறு. தளப் பரப்பு விகிதமும் பல மடங்கு. அவ்வளவு பேருக்கான தண்ணீர், சாக்கடை, சாலை, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் திட்டத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்தால் தீயணைப்புத் தேவைகளும் கடுமையாகும்.

இதில் நியாயம் முழுசாக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். எங்கே அடர்த்தியாக, எங்கே தாழ்வாக என்ற வரைபடத்தின் அடியில் குழு வட்டாரச் சட்டக் காலத்துக் கோடுகள் இன்னும் தெரிகின்றன. சின்ன மனைகளை ஒட்டி ஒட்டிப் பிரித்து ஆட்களை அடைத்துவிட்டு, பிறகு 'இங்கே அடர்த்தி அதிகம், மேலே கட்ட இடமில்லை' என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எரிச்சலைப் பிளானில் காட்ட முடியாது. மண்டல மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம், திட்டத்தை மறுபரிசீலனை செய்யும்போது வார்டு கவுன்சிலர் மூலமாகவும் நேரடியாகவும் கருத்துச் சொல்லலாம். அந்தக் கூட்டங்களுக்கு நம் ஆட்கள் போவதில்லை. நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன.

மண்டலத்தை மாற்றிவிட்டால் தைரியமாகக் கட்டலாமா?

மாற்றிய விதம் சரியாக இருந்தால். டர்பனின் பெரேயா பகுதியில் கரி சாலையில் (Currie Road) எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தின் கதை டர்பன்காரர்களுக்குத் தெரிந்ததே. ஜெனரல் ரெசிடென்ஷியல் 1 மண்டலத்தில் இருந்த மனை, இன்னும் அதிகம் கட்ட விடும் ஜெனரல் ரெசிடென்ஷியல் 5-க்கு மாற்றப்பட்டது. கட்டடமும் மேலே போனது. அண்டை வீட்டார் தங்களுக்கு முறையான அறிவிப்பு வரவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். 2015-இல் டர்பன் உயர் நீதிமன்றம் மண்டல மாற்றத்தையும் பிளான் அனுமதியையும் ரத்து செய்து, ஒரு பகுதியை இடிக்கவும் உத்தரவிட்டது. வழக்கு அதன் பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய் வருஷக்கணக்கில் இழுத்தது. கையில் அனுமதிக் கடிதம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அதற்கு அடியில் இருந்த அறிவிப்பு சரியாக இல்லை, அவ்வளவுதான்.

கோயிலுக்குக் கோபுரம் எழுப்புகிறோம். அதற்கும் இரண்டு தளக் கணக்கா?

வழிபாட்டு இடங்களுக்குத் தனி மண்டலமோ சிறப்பு அனுமதியோ உண்டு. கோபுரம், மணிக்கூண்டு, புகைபோக்கி போன்ற யாரும் வசிக்காத உயரங்களைத் தளக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பல திட்டங்களில் வழக்கம். தானாகவே விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கோபுரத்தை முதல் வரைபடத்திலேயே முழு உயரத்துடன் காட்டிவிடுங்கள். முதலில் மண்டபத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, கும்பாபிஷேகம் நெருங்கும்போது ஸ்தபதி வந்ததும் கோபுரத்தை ஏற்றுவது பல இடத்தில் நடக்கிறது. ஸ்தபதிக்குச் சிற்ப சாஸ்திரம் தெரியும். பெரேயா மணலில் காற்று தள்ளும்போது அடித்தளத்தில் என்ன விசை வரும் என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய கோயிலானால் இன்னொரு அலுவலகமும் உண்டு. அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் பாரம்பரியத் துறையின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது என்கிறது 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம், 34-ஆம் பிரிவு. குவாசூலு-நட்டாலில் இதைப் பார்ப்பது மாகாணப் பாரம்பரிய அமைப்பான அமாஃபா. மவுண்ட் எட்ஜ்கோம்ப், உம்கேனி சாலைக் கோயில்கள்போல ஊரறிந்தவை மட்டும் என்று இல்லை. கரும்புத் தோட்டத்துத் தகரக் கொட்டகைக் கோயிலும் அறுபதைத் தாண்டியிருந்தால் இதில் வரும். பக்தர்கள் பணத்தில் பழைய விமானத்தை உடைத்துவிட்டுப் பிறகு அனுமதி தேடிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். உடைத்ததை ஒட்ட எந்தப் படிவமும் இல்லை.

வீட்டு முற்றத்தில் மாரியம்மனுக்குச் சின்ன சன்னதி கட்ட பிளான் வேண்டுமா? மதில்சுவருக்கு?

சின்ன வேலைகளுக்கு முழுப் பிளான் இல்லாமல் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி மட்டும் போதும். மண்ணைத் தாங்காத, 1.8 மீட்டருக்கு மேல் போகாத மதில், 10 சதுர மீட்டருக்குள் கருவி வைக்கும் கொட்டகை, 40 சதுர மீட்டருக்குள் கார்போர்ட் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. சன்னதி என்று அதில் எழுதியில்லை. அதிகாரியிடம் படம் போட்டுக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். தெருவை ஒட்டி வைக்கிறீர்கள் என்றால் பில்டிங் லைனைக் கவனியுங்கள். மண்ணைத் தாங்கும் சுவர் எவ்வளவு குட்டையாக இருந்தாலும் இந்தச் சலுகையில் வராது.

பிளான் பாஸ் ஆக எத்தனை நாள்?

சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் குறைந்தால் 30 நாள், அதற்கு மேலென்றால் 60 நாள். இது எல்லாக் காகிதமும் சரியாகப் போய்ச் சேர்ந்த பிறகு ஓடும் கணக்கு. ஒரு கையெழுத்து குறைந்தாலும் கடிகாரம் ஓடாது. அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதி. அவசரம் என்றால் 7-ஆம் பிரிவின் கீழ் தற்காலிக அனுமதி கேட்கலாம், எளிதில் தருவதில்லை.

மருமகன் கம்ப்யூட்டரில் நன்றாக வரைவான். அவன் போட்ட பிளானைக் கொடுக்கலாமா?

மருமகன் கட்டடக்கலைத் தொழிலுக்கான மன்றமான சாகாப்பில் (SACAP) பதிவு பெற்றவராக இருந்தால் கொடுக்கலாம். இல்லையென்றால் வாங்க மாட்டார்கள். யாரை அமர்த்தினாலும் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள், என்னையும் சேர்த்து.

பிளான் இல்லாமலே பத்து வருஷத்துக்கு முன்பு மாடி எடுத்துவிட்டோம். இப்போது என்ன ஆகும்?

உடனே யாரும் புல்டோசரோடு வரப்போவதில்லை. ஆனால் மூன்று நேரத்தில் இது தலை தூக்கும்: விற்கும்போது, இன்ஷூரன்ஸ் கேட்கும்போது, பக்கத்து வீட்டாரோடு சண்டை வரும்போது. 2022 பிப்ரவரியிலிருந்து அமலில் உள்ள சொத்துத் தரகர் சட்டப்படி, விற்பவர் வீட்டின் குறைகளைக் கட்டாயப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாத கட்டுமானம் உண்டா என்பதும் அதில் கேள்வி. வாங்குபவரின் பேங்க் பிளானைக் கேட்டால், மாடியே இல்லாத பழைய பிளானைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

அபராதத் தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1977 சட்டத்தில் இருப்பது நாளொன்றுக்கு 100 ராண்டுக்கு மிகாமல். அதைப் பார்த்துத்தான் பலர் துணிகிறார்கள். பயப்பட வேண்டியது 21-ஆம் பிரிவு: மாஜிஸ்திரேட் இடிக்க உத்தரவிடலாம். 2013-இல் கிழக்குக் கேப்பின் கென்டன்-ஆன்-சீ வழக்கில், பிளான் இல்லாமல் கட்டிய ஒரு பெரிய வீட்டைப் பற்றி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது கடுமையானது: சட்டவிரோதம் நிரூபணமானால், பாவம் பார்த்து விட்டுவிடும் உரிமை இந்தப் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு இல்லை.

அதே வருஷம் நவம்பர் 19 அன்று டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் சரிந்தது. இருவர் இறந்தார்கள், 29 பேர் காயம். பிளான் அனுமதி இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லி மாநகராட்சி நீதிமன்ற உத்தரவே வாங்கியிருந்தது. அனுமதி என்பது வெறும் காகிதம்தானே என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் ஐந்து தளக் கட்டடம் இடிந்து 34 பேர் இறந்ததையும் மறக்க வேண்டாம்.

சரி, கட்டியாகிவிட்டது, என்ன செய்வது? இருப்பதை இருக்கிறபடி அளந்து 'ஆஸ்-பில்ட்' பிளான் போட்டுக் கொடுங்கள். பொறியாளர் திறந்து பார்த்துச் சான்று தர வேண்டியிருக்கும். பிளாஸ்டரை உடைக்க நேரிடும். கவரேஜோ இடைவெளியோ கொஞ்சம் மீறியிருந்தால் தளர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதிகம் மீறியிருந்தால் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும். நீங்களாகப் போவதற்கும் நோட்டீஸ் வந்த பிறகு போவதற்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உள்ளவரின் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

மேல் மாடியை வாடகைக்கு விடலாமா?

மேலே தனிச் சமையலறையும் தனி வாசலும் வைத்தால் அது இரண்டாவது வீடு. உயரம் சரியாக இருந்தாலும், உங்கள் மண்டலம் ஒரு மனையில் இரண்டு வீட்டை அனுமதிக்கிறதா, இரண்டாவது வண்டிக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிங்க்கை வரையாமல் விட்டுவிட்டுப் பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்கெனவே ஊரில் எல்லாரும் யோசித்துவிட்டார்கள். அதிகாரிக்கும் தெரியும், மேல் மாடியில் தனியாக ஒரு குழாய் வரைந்திருந்தாலே ஏன் என்று கேட்பார்.

வேலை முடிந்தது. குடி போகலாமா?

குடியேறல் சான்றிதழ் வாங்கிய பிறகு. கேட்டு 14 நாளுக்குள் மாநகராட்சி பதில் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் அடித்தளக் குழியைக் கான்கிரீட் போடுமுன் பார்த்திருக்க வேண்டும், சாக்கடைக் குழாயை மூடுமுன் பார்த்திருக்க வேண்டும். பொறியாளரின் நிறைவுச் சான்று, மின்சாரச் சான்று, பிளம்பிங் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்கும்போது ஐயரிடம் இந்தச் சான்றிதழ் வரும் தேதியையும் சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று முகூர்த்தம் கையில் வைத்திருப்பார்.